நெக்ஸ்ட் ஃப்ரைடே என்றால் எந்த வெள்ளிக்கிழமை?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. நேர்முகத் தேர்வு, 'நெக்ஸ்ட் தர்ஸ்டே' காலை பத்து மணி, வந்துவிடுங்கள் என்றார் அந்தப் பக்கம் பேசியவர். சரி, தேங்க்யூ என்று வைத்துவிட்டேன். நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்ற பதற்றத்தில் சட்டையை இஸ்திரி போட்டு, சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கி, வியாழன் காலை ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றேன். வரவேற்பு மேஜையில் இருந்தவர் நோட்டில் விரலை ஓட்டினார். என் பெயர் இல்லை. இன்னொரு முறை ஓட்டினார். அப்புறம் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இதோ இருக்கிறீர்கள், ஆனால் அடுத்த வாரம்" என்றார்.

சீக்கிரம் போனதால் பிழைத்தேன். அவர்கள் இந்த வாரத்தைச் சொல்லி, நான் அடுத்த வாரம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் வேலையே போயிருக்கும். ஆங்கிலத்தில் புதிதாகப் புழங்க ஆரம்பிக்கும்போது இலக்கணத்துக்குப் பயப்படுகிறோம், உச்சரிப்புக்குப் பயப்படுகிறோம், கிழமை சொல்லும்போது மட்டும் "புரிந்துவிட்டது" என்று தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தலையாட்டலை நிறுத்தத்தான் இந்தக் கட்டுரை.

உதாரணங்களுக்கு ஒரே நாட்காட்டியை வைத்துக்கொள்வோம். இன்று 2026 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. இனி வரும் வெள்ளிகள் 12, 19, 26. ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் சுலபம்.

படி 1: இரண்டு கணக்கு இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று இன்று ஒருவர் சொன்னால் சிலருக்கு அது 12, சிலருக்கு 19. இதில் யாரும் தப்பாகப் பேசவில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரே வீட்டுக்குள் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒரு கூட்டம் நாளை எண்ணுகிறது: இங்கிருந்து நடந்து போனால் முதலில் எந்த வெள்ளி எதிரே வருகிறதோ அதுதான் நெக்ஸ்ட், அதாவது 12. இன்னொரு கூட்டம் வாரத்தை எண்ணுகிறது: இந்த வாரத்து வெள்ளி 'திஸ் ஃப்ரைடே', அடுத்த வாரத்து வெள்ளி 'நெக்ஸ்ட் ஃப்ரைடே', அதாவது 19.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் முதல் கூட்டத்தின் பக்கம்தான் நியாயம். பழைய ஆங்கிலத்தில் நெக்ஸ்ட் என்பதற்கு 'மிக அருகில் இருப்பது' என்றே பொருள். ரயிலில் 'நெக்ஸ்ட் ஸ்டேஷன்' என்றால் இப்போது வரப்போகிற நிலையம். ஒன்றைத் தாண்டி இரண்டாவது என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ஆனால் 'நெக்ஸ்ட் வீக்' என்றால் இந்த வாரம் முடிந்து வருவது, 'நெக்ஸ்ட் மந்த்' என்றால் இந்த மாதம் முடிந்து வருவது. அந்தப் பழக்கத்தில் கிழமையையும் வாரத்தோடு சேர்த்து நகர்த்திவிட்டார்கள். பிறப்பைக் காட்டி வாதாடி ஜெயிக்கலாம்தான், ஜெயித்துவிட்டுத் தப்பான நாளில் போய் நிற்கலாம்.

நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நாம் 'அடுத்த வெள்ளி' என்பதை அப்படியே 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' ஆக்கிவிடுகிறோம். தமிழ் 'அடுத்த'வும் ஒட்டியிருப்பதைக் குறிக்கும் சொல்தான், அடுத்த வீடு என்றால் ஒட்டிய வீடு. ஆனாலும் அடுத்த வெள்ளி என்று தமிழில் சொல்லும்போதே "வருகிற வெள்ளியா, அதற்கடுத்ததா?" என்று எதிரில் இருப்பவர் கேட்கத்தானே செய்கிறார்? தமிழில் கேட்கிற அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மிடம் 'வருகிற' என்ற அருமையான சொல் இருக்கிறது. அதற்குச் சரியான ஆங்கிலம் 'திஸ் கமிங் ஃப்ரைடே'. இது 12 மட்டும்தான், வேறு எதுவும் ஆகாது. நீங்கள் பேசும்போது இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இன்று என்ன கிழமை என்று பாருங்கள்

ஒருவர் எந்தக் கணக்கில் பேசுகிறார் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும், ஆனால் அதற்கு அவர் சொன்ன கிழமையைவிட, அவர் அதைச் சொல்கிற கிழமை முக்கியம்.

வியாழக்கிழமை அன்று ஒருவர் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்கிறார். மறுநாளைச் சொல்ல நினைத்திருந்தால் 'டுமாரோ' என்றிருப்பார். ஆக அது எட்டு நாள் தள்ளியுள்ள வெள்ளி, கிட்டத்தட்ட நிச்சயம். வெள்ளிக்கிழமை அன்றே சொன்னால் ஏழு நாள் தள்ளி, இதில் குழப்பமே இல்லை. புதன்கிழமை சொன்னாலும் பெரும்பாலும் தள்ளிய வெள்ளிதான், ஏனென்றால் இரண்டே நாளில் வருவதை நெக்ஸ்ட் என்று சொல்ல பலருக்கு வாய் வராது. என் வியாழக்கிழமைக் கதையில் நான் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்: செவ்வாயன்று பேசுகிறவர் இரண்டு நாளில் வரும் வியாழனைச் சொல்ல நினைத்திருந்தால் 'திஸ் தர்ஸ்டே' என்றோ 'டே ஆஃப்டர் டுமாரோ' என்றோதான் சொல்லியிருப்பார்.

நாள் தூரமாகத் தூரமாக நிச்சயம் குறையும். திங்களன்று சொல்லப்படும் 'நெக்ஸ்ட் சண்டே' இரண்டு பக்கமும் சாயும்.

எல்லாவற்றையும்விட மோசம் சனி ஞாயிறில் பேசுவது. ஜூன் 14 ஞாயிறு அன்று ஒருவர் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால்? வாரம் திங்களில் தொடங்குகிறது என்று நினைப்பவருக்கு ஞாயிறு பழைய வாரத்தின் கடைசி நாள், நாளைக்கே அடுத்த வாரம் பிறக்கிறது, ஆக அவர் சொல்வது 19. வாரம் ஞாயிறில் தொடங்குகிறது என்று நினைப்பவருக்கு 19 இந்த வாரத்து வெள்ளி, அவர் சொல்வது 26. அமெரிக்க நாட்காட்டிகளில் ஞாயிறுதான் முதல் கட்டம். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர விதிப்படியும், ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளிலும் திங்கள்தான் முதல் நாள். உங்கள் போனில் இருக்கும் நாட்காட்டியில் இது வெறும் ஒரு செட்டிங், ஆனால் அதே செட்டிங் மனிதர்கள் தலைக்குள்ளும் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை.

இதே சங்கடம் மாதங்களிலும் உண்டு. ஜனவரியில் ஒருவர் 'நெக்ஸ்ட் மார்ச்' என்றால் இரண்டு மாதத்தில் வருவதா, அடுத்த வருடமா? கேட்டுவிடுங்கள்.

படி 3: தேதியோடு திருப்பிச் சொல்லுங்கள்

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான படி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

"விச் ஃப்ரைடே?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "நெக்ஸ்ட் ஃப்ரைடே!" என்று அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள், நீங்கள் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள். அதற்குப் பதில் நீங்களே ஒரு தேதியைப் போடுங்கள்: "ஸோ தட்ஸ் ஃப்ரைடே த நைன்டீன்த்?" ஆம் என்றால் முடிந்தது. இல்லை என்றால் அவரே "நோ நோ, த ட்வெல்ஃத்" என்று திருத்துவார். புரியாமல் கேட்பதுபோலத் தெரியாது, பொறுப்பாகக் குறித்துக்கொள்கிறவர்போலத் தெரியும். நாட்காட்டி கையில் இல்லாத நேரத்தில் "திஸ் வீக் ஆர் நெக்ஸ்ட் வீக்?" என்ற கேள்வி போதும், ஆனால் சனி ஞாயிறில் அதுவும் காலை வாரிவிடும், காரணம் மேலேயே பார்த்துவிட்டோம்.

எழுத்தில் அனுப்பும்போது கிழமை, தேதி இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். "வெள்ளி, ஜூன் 19" என்று. இரண்டும் எதற்கு, தேதி மட்டும் போதாதா என்று தோன்றும். ஒன்று இன்னொன்றைச் சரிபார்க்கும். "வெள்ளி, ஜூன் 18" என்று கை தவறி எழுதிவிட்டால் படிப்பவர் நாட்காட்டியைப் பார்த்து "18 வியாழன் ஆயிற்றே" என்று கேட்பார். வெறும் 18 என்று எழுதியிருந்தால் அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள், ஏனென்றால் 05/06 என்பதை அமெரிக்கர் மே 6 என்று படிப்பார், பிரிட்டிஷ்காரர் ஜூன் 5 என்று படிப்பார், இரண்டும் உண்மையிலேயே இருக்கிற தேதிகள் என்பதால் இருவருக்கும் சந்தேகமே வராது.

திருப்பிக் கேட்க வழியே இல்லையா? பேசியவர் வைத்துவிட்டார், எண் தெரியவில்லை, பதில் போட முடியாத செய்தி. அப்படியென்றால் முதலில் வரும் நாளையே எடுத்துக்கொண்டு தயாராகுங்கள். ஒரு வாரம் முன்னால் போய் நின்றால் ஒரு அலைச்சல், கொஞ்சம் அசடு வழிதல். ஒரு வாரம் கழித்துப் போய் நின்றால் எதுவுமே மிஞ்சாது.

பிரிட்டனில் காதில் விழும் சில

இவை அமெரிக்கர்களுக்கே புரியாதவை, நமக்குப் புரியவில்லை என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

'ஃப்ரைடே வீக்' என்பார்கள். வெள்ளி வாரமா, அது என்ன பண்டிகையா என்று நான் முதல் முறை விழித்தேன். வருகிற வெள்ளியைப் பிடித்து அதன் மேல் ஒரு வாரத்தைக் கூட்டு என்று அர்த்தம், நம் கணக்கில் 19. 'எ வீக் ஆன் ஃப்ரைடே' என்றாலும் அதே 19. அமெரிக்கர் இதையே 'எ வீக் ஃப்ரம் ஃப்ரைடே' என்பார். 'டுமாரோ வீக்' என்றால் நாளை புதன் 10, அதோடு ஒரு வாரம், 17. உண்மையில் இந்தச் சொற்கள் காதுக்குப் புதிதே தவிர நெக்ஸ்ட்டைவிட எவ்வளவோ தெளிவானவை, கூட்டல் தெரிந்தால் போதும்.

'ஃபோர்ட்நைட்' என்பது பதினான்கு இரவுகள் என்ற பழைய சொற்றொடர் சுருங்கியது, இரண்டு வாரம். ஏழு இரவுக்கும் இதேபோல 'செனைட்' என்று ஒரு சொல் இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது. 'ஃப்ரைடே ஃபோர்ட்நைட்' என்றால் 12-உடன் இரண்டு வாரம் கூட்டி 26.

ஸ்காட்லாந்தில் இன்னொன்று: 'ஃப்ரைடே ஃபர்ஸ்ட்' என்றால் முதலில் வரும் வெள்ளி, 'ஃப்ரைடே நெக்ஸ்ட்' என்றால் அதற்கு அடுத்தது. பழைய ஆட்கள் பேச்சில்தான் அதிகம் என்றாலும் அழகான ஏற்பாடு. எல்லோரும் இப்படிப் பேசினால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் பயன்படுத்தாதீர்கள்: 'த ஃப்ரைடே ஆஃப்டர் நெக்ஸ்ட்'. நெக்ஸ்ட் எது என்பதே தகராறு, அதற்கு அப்புறம் வருவது எப்படித் தெளிவாக இருக்கும்? 12-ஐ நெக்ஸ்ட் என்பவருக்கு 19, 19-ஐ நெக்ஸ்ட் என்பவருக்கு 26.

படி 4: கூட்டத்தை 'ஃபார்வர்ட்' நகர்த்தினால் நின்று யோசியுங்கள்

"புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் மூவ்ட் ஃபார்வர்ட்." இப்போது கூட்டம் என்றைக்கு? ஒரு நிமிடம் யோசித்துப் பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

திங்கள் என்று சொல்லியிருந்தாலும் சரி, வெள்ளி என்று சொல்லியிருந்தாலும் சரி, உங்களுக்குத் துணை இருக்கிறது. உளவியலாளர்கள் இதே வாக்கியத்தை வைத்தே ஆய்வு செய்திருக்கிறார்கள். லெரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், விமானத்தில் வந்து இறங்கியவர்கள், யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட அதிகமாக வெள்ளி என்று சொன்னார்கள். தாங்களே முன்னோக்கிப் பயணம் செய்துவிட்டு வந்ததால், ஃபார்வர்ட் என்றதும் காலத்திலும் முன்னோக்கிப் போய்விட்டார்கள் என்பது அவர்கள் விளக்கம். அதாவது கேட்பவர் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்துக்கூட கூட்டத்தின் நாள் மாறுகிறது! இதைவிட ஒரு சொல்லை நம்பாமலிருக்கக் காரணம் வேண்டுமா?

தமிழர்களில் பலர் யோசிக்காமல் திங்கள் என்போம் என்று நினைக்கிறேன். 'இரண்டு நாள் முன்னால்' என்பது நமக்குக் கடந்துபோன பக்கம், தள்ளிவைப்பது என்றால்தான் பின்னால் போவது. ஆனால் 'முன்னேறு' என்ற சொல் எதிர்காலத்தைப் பார்த்துத்தானே நடக்கிறது? நம் மொழியும் இரண்டு பக்கமும் பேசுகிறது.

'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் முன்கூட்டியே நடத்துவது, 'புஷ் பேக்' என்றால் தள்ளிவைப்பது, இவை ஓரளவு நிலையானவை. 'போஸ்ட்போன்' எங்கும் புரியும். அதற்கு எதிராக நாம் தாராளமாகப் பயன்படுத்தும் 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. சொல் அருமையானது, எனக்குப் பிடிக்கும், ஆனால் வெளிநாட்டவரிடம் பேசும்போது 'ஏர்லியர்', 'லேட்டர்' என்ற இரண்டைப் போட்டுவிடுங்கள்: "டூ டேஸ் ஏர்லியர், ஆன் மண்டே". யாராலும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது.

படி 5: கெடு நாளின் ஓரங்களைப் பாருங்கள்

'பை ஃப்ரைடே' அனுப்புங்கள் என்றால் வெள்ளிக்குள். வெள்ளியும் சேர்த்தியா? பொதுவாகச் சேர்த்திதான், ஆனால் வெள்ளி காலை அலுவலகம் திறக்கும்போதே எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், ஆக மணியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'அன்டில் ஃப்ரைடே' விடுப்பு என்று ஒருவர் சொன்னால் வெள்ளியன்று வருவாரா மாட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். "பேக் ஆன் ஃப்ரைடே" அல்லது "பேக் ஆன் மண்டே" என்று திரும்பி வரும் நாளைச் சொல்வதுதான் ஒழுங்கு. அமெரிக்கர்கள் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்பார்கள், அதில் வெள்ளி கண்டிப்பாக உண்டு.

நள்ளிரவு தனி வில்லங்கம். 'ஃப்ரைடே மிட்நைட்' வரை விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறது. வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கிற பன்னிரண்டு மணியா, வெள்ளி முடிந்து சனி பிறக்கிற பன்னிரண்டா? இடையில் முழுசாக ஒரு நாள் தொங்குகிறது. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கெடுவை 11:59 என்று போடுகிறார்கள். நீங்கள் விண்ணப்பிப்பவராக இருந்தால் வியாழன் இரவே அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். வேறு நேர மண்டலத்தில் இருப்பவரோடு பேசினால் இன்னொரு கேள்வியும் சேரும், யாருடைய வெள்ளி? அவருக்கு வெள்ளி சாயங்காலமாக இருக்கும்போது உங்களுக்குச் சனி விடிந்திருக்கலாம்.

'இன் த்ரீ டேஸ்' என்பதிலும் நாம் சறுக்குவோம். 'இன்றோடு மூன்றாம் நாள்' என்று இன்றையும் சேர்த்து எண்ணும் வழக்கம் நமக்கு உண்டு, அப்படி எண்ணினால் செவ்வாயிலிருந்து வியாழன் வரும். ஆங்கிலத்தில் இன்றை விட்டுவிட்டு எண்ண வேண்டும், வெள்ளி வரும். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாரத்தை எட்டு நாள் என்றும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றும் பேச்சில் சொல்வார்கள், அவர்களும் நம் கட்சி போலிருக்கிறது.

'பைவீக்லி' கூட்டம் என்று அழைப்பு வந்தால் வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருளும் போட்டிருக்கும், ஆக அகராதி உதவாது. 'ட்வைஸ் எ வீக்' அல்லது 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று உடைத்துச் சொல்லுங்கள். 'எவ்ரி அதர் ஃப்ரைடே' என்றால் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி. எந்த வெள்ளியில் தொடங்குகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

அப்புறம் 'தி அதர் டே'. இது எதிர்காலம் போல ஒலிக்கும், ஆனால் சில நாட்களுக்கு முன்பு என்று பொருள். வரப்போகிற நாள் எதையும் அது குறிக்காது.

படி 6: நீங்கள் பேசும்போது நெக்ஸ்ட்டைக் கைவிடுங்கள்

கேட்பதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நாமே வாய் தவறி "ஐ வில் கம் நெக்ஸ்ட் மண்டே" என்று சொல்லிவிடுவோம், நாக்கு பழகிவிட்டது. நெருங்கிய நாளுக்கு 'திஸ் கமிங் மண்டே', தள்ளிய நாளுக்கு 'மண்டே ஆஃப் நெக்ஸ்ட் வீக்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், எப்படியும் பின்னாலேயே தேதியைச் சேருங்கள். ஒரு மாதம் முயன்றால் வந்துவிடும். எனக்குத் தொலைபேசியில் சீக்கிரம் வந்துவிட்டது, நேரில் பேசும்போது இன்னும் நழுவுகிறது.

நாட்காட்டிச் செயலிகளிடமும், குரலுக்கு வேலை செய்யும் உதவியாளரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று சொன்னால் அது நம்மைத் திருப்பிக் கேட்காமல் ஏதோ ஒரு வெள்ளியைத் தானே எடுத்துக்கொள்ளலாம், ஒரு செயலி எடுக்கும் வெள்ளியை இன்னொன்று எடுக்கும் என்றும் சொல்ல முடியாது. சேமிக்கும் முன் திரையில் எந்த எண் விழுந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துங்கள்.